சிச்சென் இட்சாவுக்கு ஒரு நாள்: தனிக் கைடு வைத்துப் போகிறவர்களுக்கு

மெக்சிகோவில் மாயா மக்கள் கட்டிய பழைய நகரத்தின் இடிபாடுகள்தான் சிச்சென் இட்சா. முதல் தடவை நான் அங்கே போனது கான்கூன் என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெரிய டூர் பஸ்ஸில். ஏழு மணிக்கு எங்களை ஏற்றிக்கொண்ட பஸ், மற்ற ஓட்டல்களில் ஆட்களைப் பொறுக்கி முடிக்கவே எட்டரை ஆகிவிட்டது. வழியில் கைவினைக் கடை ஒன்றில் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். அப்புறம் பஃபே சாப்பாடு. இடிபாடுகளுக்கு முன்னால் இறங்கியபோது வெயில் உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. கைடு ஒரே விஷயத்தை ஸ்பானிஷில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் சொல்லி முடித்துவிட்டு, "இனி உங்களுக்கு நாற்பது நிமிடம்" என்றார். பந்தாட்டத் திடலை நான் ஓடிக்கொண்டே பார்த்தேன்.

இரண்டாவது தடவை குடும்பத்தோடு போனபோது தனியாக ஒரு கைடு வைத்துக்கொண்டோம். காலை எட்டு மணிக்குக் குகுல்கான் என்ற பாம்புக் கடவுளின் பிரமிடுக்கு எதிரே எங்களைத் தவிர இருபது பேர்கூட இல்லை. தனிக் கைடுக்குக் கொடுக்கும் பணத்தில் நாம் வாங்குவது ஏசி காரையோ தண்ணீர் பாட்டிலையோ அல்ல, நேரத்தை. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த நேரத்தை எப்படிக் கோட்டைவிடாமல் காப்பாற்றுவது என்பதுதான்.

எங்கே தங்குவது, எப்போது போவது

சிச்சென் இட்சா மெக்சிகோவின் யுகத்தான் மாநிலத்தில் இருக்கிறது. கான்கூனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். சுங்கச் சாலையில் போனால் இரண்டரை மணி நேரம். மெரிதா நகரிலிருந்து 120 கிலோமீட்டர் போல வரும். வாயதோலித் என்ற சின்ன ஊரிலிருந்து முக்கால் மணிக்குள் போய்விடலாம். முடிந்தால் முந்தின இரவை வாயதோலித்தில் கழித்துவிடுங்கள். கான்கூன் கடற்கரை ஓட்டலுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்றாலும் பாதகமில்லை, விடிவதற்கு முன்னே எழுந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே பலர் ஏமாறுவது கடிகாரத்தில். கான்கூன் இருக்கும் கின்தானா ரோ மாநிலமும் யுகத்தானும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. கான்கூனில் ஒன்பது மணி என்றால் சிச்சென் இட்சாவில் எட்டு. போகும்போது ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கிறது: கான்கூனில் ஆறு மணிக்குக் கிளம்பினால் உள்ளூர்க் கணக்கில் ஏழரைக்கு வாசலில் நிற்கலாம். திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் போய்விடும். அன்று இரவே விமானம் பிடிக்கிறவர்கள் இதை மறந்தால் தீர்ந்தது. கைடோடு நேரம் பேசும்போது எந்த ஊர் நேரம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். செல்போன் வழியில் தானாகவே மாறிக்கொள்ளும், அதை மட்டும் நம்பிக் குழம்பாதீர்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் சென்னைக் கத்திரிக்குச் சளைத்ததல்ல. ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழை, அதன் பின்பாதியில் புயல் பயமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. அன்று மெக்சிகோ குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை என்பதால் கூட்டம் கூடுதல்.

மார்ச் 20, செப்டம்பர் 22 ஒட்டிய சமஇரவு நாட்களில் பிரமிடின் வடக்குப் படிக்கட்டுக் கைப்பிடிச் சுவரில் மாலை வெயில் முக்கோணம் முக்கோணமாக விழும். அடியில் இருக்கும் கல் பாம்புத் தலையோடு அது சேரும்போது, பாம்பு மேலிருந்து நெளிந்து இறங்குவது போலத் தெரியும். புகழ்பெற்ற காட்சிதான். ஆனால் அன்றைக்கு ஆயிரக்கணக்கான தலைகளுக்கு நடுவில் நின்றுதான் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் சில நாட்களுக்கு ஏறக்குறைய இதே நிழல் விழும். முதல் முறை போகிறவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை என்பது என் எண்ணம்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு விசா பற்றி ஒரு வரி. செல்லுபடியாகும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனியாக விசா வேண்டாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் நீண்ட வார இறுதிக்குக் கான்கூன் போவதற்கு இதுவும் ஒரு காரணம். டிக்கெட் போடுவதற்கு முன் விசா முத்திரையின் தேதியைப் பார்த்துவிடுங்கள். திரும்பி அமெரிக்காவுக்குள் நுழைவதற்கும் பொதுவாக அதே முத்திரைதான் வேண்டும்.

கைடைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வழிகள் இருக்கின்றன. கார், டிரைவர், கைடு எல்லாம் சேர்த்து ஓட்டல் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்வது ஒன்று. செலவு அதிகம், தலைவலி குறைவு. நீங்களே வாடகைக் கார் ஓட்டிக்கொண்டோ டாக்சியிலோ போய், வாசலில் நிற்கும் கைடுகளில் ஒருவரை அமர்த்திக்கொள்வது இன்னொன்று. அங்கே கட்டணம் ஆளுக்கு இத்தனை என்று இல்லை, குழுவுக்கு இத்தனை என்றுதான். நாலைந்து பேராகப் போனால் கட்டுப்படியாகும். மூன்றாவது, டிரைவரே கைடாகவும் இருப்பது. இதில் மட்டும் ஜாக்கிரதை.

ஏனென்றால் இடிபாடுகளுக்குள் கூட்டிப்போய் விளக்கம் சொல்ல மெக்சிகோ சுற்றுலா அமைச்சகத்தின் உரிம அட்டை வேண்டும். அட்டையில் புகைப்படம், அவருக்கு அனுமதியுள்ள மொழிகள், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். அட்டை இல்லாத டிரைவர் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிவிட்டு, வாசல் வந்ததும் "நான் இங்கேயே இருக்கிறேன்" என்று நின்றுவிடுவார். முன்பணம் அனுப்புவதற்கு முன்பே அட்டையின் படத்தைக் கேளுங்கள். ஒழுங்கான கைடு இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மெக்சிகோவில் இந்தப் பேச்சுவார்த்தை எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடக்கும். நான் அனுப்பிய செய்தி ஏறக்குறைய இப்படி: "நாங்கள் நான்கு பேர், ஒருவருக்கு எழுபது வயது. காலை எட்டு மணிக்கு, யுகத்தான் நேரப்படி, வாசலில் இருக்க வேண்டும். கைவினைக் கடைகளில் நிறுத்த வேண்டாம். இரண்டு பேர் சைவம். நீங்கள் சொல்லும் தொகையில் நுழைவுச் சீட்டு, சுங்கம், பார்க்கிங், செனோட்டே (குளிக்கும் இயற்கைக் கிணறு) கட்டணம், சாப்பாடு இவற்றில் எது எது அடக்கம்?" இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே ஆளை எடைபோட்டுவிடலாம். "எல்லாம் அடக்கம்" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறவரைவிட, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறவர் நம்பகமானவர். சுங்கம் மட்டுமே சில நூறு பெசோ வரும், அது யார் தலையில் விழுகிறது என்று முதலிலேயே தெரிய வேண்டும்.

கடை நிறுத்தத்தைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அங்கே கைடுக்குக் கமிஷன் கிடைக்கும். அவர் பிழைப்பு அது, தப்பு சொல்லவில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்குத் தக்க விலையை அவர் போட்டுக்கொள்வார், நமக்கும் காலை நேரம் மிஞ்சும்.

இன்னொரு சின்னச் சோதனையும் உண்டு. "பந்தாட்டத்தில் தோற்றவனைப் பலியிட்டார்களா, ஜெயித்தவனையா?" என்று கேட்டுப்பாருங்கள். அடித்துச் சொல்கிறவர் கதை சொல்கிறார். திடலின் சுவரில் தலை வெட்டப்பட்ட ஒரு வீரனின் சிற்பம் இருக்கிறது, கழுத்திலிருந்து பீறிடும் ரத்தம் பாம்புகளாக மாறுகிறது. அவன் எந்த அணி என்று கல்லில் எழுதி வைக்கவில்லை. அதைக் காட்டி, "இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்" என்கிற கைடு கிடைத்தால் விடாதீர்கள். அதேபோல் கன்னிப் பெண்களைக் கிணற்றில் தள்ளினார்கள் என்ற பழைய கதை. புனிதக் கிணற்றுக்குப் பக்கத்தில் 1967ல் கண்டெடுத்த எலும்புகளில் 64 பேருடைய மரபணுவை ஆராய்ந்து 2024ல் வெளியிட்டார்கள். அத்தனை பேரும் சிறுவர்கள், அதில் இரண்டு ஜோடி இரட்டையர். நம் கைடு இதைத் தானாகவே எடுத்துச் சொன்னார். அந்த இடத்திலேயே எங்கள் பணம் செரித்துவிட்டது.

பையில் என்ன

தொப்பி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், நடந்து பழகிய ஷூ. தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. சாயங்காலம் ஷூ வெள்ளையாகிவிடும். முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டால் கைகளுக்குச் சன்ஸ்கிரீன் தேவைப்படாது, அதன் காரணம் பின்னால் வருகிறது. டிரோன், டிரைபாட் வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள். சாப்பாடும் அப்படியே. குளிக்கத் தனி உடையும் துண்டும் காரிலேயே இருக்கட்டும். பெசோ ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். டாலர் வாங்கிக்கொள்வார்கள்தான், ஆனால் அவர்கள் சொல்வதுதான் மாற்று விலை.

வாசலில்

எட்டு மணிக்குத் திறக்கிறார்கள், நான்கு மணிக்கு மேல் உள்ளே விடுவதில்லை, ஐந்துக்கு மூடிவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் இரண்டு பாகம்: மாநில அரசுக்கு ஒரு சீட்டு, மத்திய அரசின் தொல்லியல் நிறுவனத்துக்கு ஒரு சீட்டு. இரண்டுக்கும் தனித்தனி வரிசை. ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போய்த் திரும்பி வருகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்த்து 600 பெசோவைத் தாண்டும், அவ்வப்போது ஏற்றுகிறார்கள், கைடிடம் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஒரு வரிசையிலும் நீங்கள் ஒரு வரிசையிலும் நின்றால் பத்து நிமிடம் மிச்சம். கழிவறை வாசலிலேயே இருக்கிறது, போய்விட்டு வாருங்கள்.

உள்ளே எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் பிரமிடு. எட்டு மணிக்கு வியாபாரிகள் தள்ளுவண்டிகளில் முகமூடிகளையும் கம்பளிகளையும் உருட்டிக்கொண்டு வருவார்கள், பஸ் கூட்டம் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். படம் எடுப்பதெல்லாம் இப்போதே முடியட்டும். ஏறிப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம், ஏறத் தடை போட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

கீழே நின்று எண்ணிப் பார்ப்பதே போதுமான வேலை. நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, உச்சி மேடையை ஒரு படியாகச் சேர்த்தால் 365. ஒன்பது அடுக்குகளை நடுப்படிக்கட்டு இரண்டாகப் பிரிப்பதால் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு. மாயா ஆண்டில் இருபது நாள் கொண்ட மாதங்களும் பதினெட்டு. இந்தப் பிரமிடுக்குள் இன்னொரு பழைய பிரமிடு இருக்கிறது. 1930களில் அதைத் தோண்டியபோது, பச்சை ஜேட் கல் புள்ளிகள் பதித்த சிவப்புச் சிறுத்தை ஆசனம் ஒன்று உள்ளே இருந்தது. நாம் பார்க்க முடியாது, ஆனால் வெளியே நிற்கும்போது அது உள்ளே இருக்கிறது என்று தெரிந்து நிற்பது வேறுதான்.

வடக்குப் படிக்கட்டுக்கு நேராகச் சற்றுத் தள்ளி நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். திரும்பி வருவது கைத்தட்டல் போல இருக்காது, ஒரு பறவை கீச்சிட்டு இழுப்பது போல இருக்கும். கெட்ஸால் பறவையின் குரல் என்பார்கள். கூட்டம் வந்தபின் ஆளாளுக்குத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள், எதுவும் கேட்காது. இதற்காகவும் எட்டு மணி.

அடுத்து பந்தாட்டத் திடல். நீளம் 168 மீட்டர், அகலம் 70. மெசோஅமெரிக்காவில், அதாவது பழைய மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியில், இதைவிடப் பெரிய திடல் கிடையாது. இரண்டு பக்கச் சுவரிலும் தரையிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில் கல் வளையம். கெட்டி ரப்பர் பந்தை இடுப்பால் அடித்து ஆடிய ஆட்டம் இது. வளையத்தை அண்ணாந்து பார்த்தால், இதில் எப்படி என்று கேட்காமல் இருக்க முடியாது. குடும்பத்தில் ஒருவரை மறுமுனைக்கு அனுப்பிப் பேசச் சொல்லுங்கள், சாதாரணக் குரலே தெளிவாக வந்து சேரும். நான் சொன்ன சிற்பம் இங்கேதான், சாய்ந்த அடிச்சுவரின் நடுப்பகுதியில். பக்கத்திலேயே வரிசை வரிசையாக மண்டையோடுகள் செதுக்கிய மேடை.

அங்கிருந்து சாக்பே எனப்படும் பழைய வெள்ளைச் சாலை வழியாக முந்நூறு மீட்டர் நடந்தால் புனிதக் கிணறு. ஊரின் பெயரே இதிலிருந்துதான்: இட்சா மக்களின் கிணற்று வாய் என்று பொருள். யுகத்தானின் இந்தப் பகுதியில் நிலத்தின் மேல் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி ஓடுகிறது. பாறைக் கூரை இடிந்து விழுந்த இடங்களில் தண்ணீர் தெரியும், அதுதான் செனோட்டே. இந்த ஊர்க் கிணறு அறுபது மீட்டர் அகலம், செங்குத்துச் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். 1904 முதல் எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கர் இதைத் தூர்வாரித் தங்கம், ஜேட், மனித எலும்புகள் எல்லாம் எடுத்தார். இங்கே குளிக்க முடியாது, எட்டிப் பார்க்கலாம்.

போகும் வழி முழுக்கக் கடைகள். சிறுத்தை உறுமுவது போல ஒரு மண் விசிலை ஊதிக்கொண்டே இருப்பார்கள், முதல் தடவை தூக்கிவாரிப்போடும். விலையைப் பாதியில் ஆரம்பிக்கலாம். வாங்குவதானால் திரும்பி வரும்போது வாங்குங்கள், சும்மா தூக்கிச் சுமக்க வேண்டாம்.

போர்வீரர் கோயிலையும் ஆயிரம் தூண்களையும் பார்த்துவிட்டு, பத்தரை மணி போலக் கூட்டம் முட்டும்போது தெற்குப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். பெரும்பாலான பஸ் பயணிகள் அங்கே வருவதில்லை. மரநிழல் இருக்கிறது, கல் மேல் உடும்பு போல இகுவானா வெயில் காய்ந்துகொண்டிருக்கும். எனக்குப் பிடித்ததும் இந்தப் பகுதிதான். காரகோல் என்ற வட்டக் கோபுரம் இங்கே இருக்கிறது. உள்ளே சுழலும் படிக்கட்டு இருப்பதால் ஸ்பானிஷில் நத்தை என்று பெயர். அதன் ஜன்னல்கள் வெள்ளிக் கோள் வானத்தில் எட்டும் கடைசி எல்லைகளைப் பார்த்து அமைந்திருக்கின்றன. வெறுங்கண்ணால் பார்த்தே வெள்ளியின் சுழற்சி 584 நாள் என்று கணக்கிட்டு வைத்திருந்தவர்கள் மாயாக்கள். கைடை உட்காரவைத்து அவர்களுடைய எண் முறையை மண்ணில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்: புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி பூஜ்யம், இருபது இருபதாக ஏறும். எங்கள் பையன் பத்து நிமிடத்தில் அவன் பிறந்த வருடத்தை எழுதிவிட்டான். பஸ்ஸில் வந்திருந்தால் இந்தப் பத்து நிமிடம் கிடைத்திருக்காது.

மொத்தம் மூன்று மணி நேரம். வயதானவர்கள் இருந்தால் புனிதக் கிணற்றை விட்டுவிடலாம், தெற்குப் பகுதியை விடாதீர்கள்.

மாயா மக்கள் மறைந்து போனவர்கள் என்று நினைத்துக்கொண்டு பேசாதீர்கள். யுகத்தானில் இன்றும் லட்சக்கணக்கானோர் வீட்டில் மாயா மொழி பேசுகிறார்கள். உங்கள் கைடும் அப்படி ஒருவராக இருக்கலாம். நன்றி சொல்ல "தியோஸ் போஓதிக்" என்றால் முகம் மலரும்.

செனோட்டே, சாப்பாடு

பதினொன்றரைக்கு வெளியே வந்ததும் குளியல். பக்கத்தில் இருக்கும் இக் கில் ரொம்ப அழகு. மேலிருந்து வேர்கள் கயிறு கயிறாகத் தண்ணீர் வரை தொங்கும். ஆனால் நண்பகலில் பஸ்கள் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். மேற்கே இருபது கிலோமீட்டர் போல இருக்கும் யோக்சோனோத் கிராமத்து மக்கள் கூட்டுறவாக நடத்தும் செனோட்டே அமைதியானது. கைடு இக் கில் என்று ஆரம்பித்தால் இதைச் சொல்லிப் பாருங்கள். எங்கே போனாலும் தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஷவரில் நிற்க வேண்டும், உடம்பில் சன்ஸ்கிரீன் இருக்கக் கூடாது. முழுக்கைச் சட்டை போடச் சொன்னது இதற்குத்தான். நீச்சல் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டு. படிகள் வழுக்கும்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "சின் கார்னே" என்றால் இறைச்சி வேண்டாம் என்று பொருள். அது மட்டும் போதாது. பீன்ஸைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குகிறார்கள். "சின் மன்தேகா" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மன்தேகா கொழுப்பு, மன்தெகீயா வெண்ணெய். இரண்டையும் மாற்றிச் சொல்லித் தொலைக்காதீர்கள். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குப் பாபட்சூல் இருக்கிறது: பூசணி விதைச் சாந்தில் தோய்த்த சோள ரொட்டிக்குள் அவித்த முட்டை. மற்றவர்கள் கொச்சினீத்தா பிபில் என்ற பன்றிக்கறியைத் தின்னாமல் வரக் கூடாது. காரம் நமக்குப் புதிதா என்று ஹபனேரோ மிளகாய்ச் சட்னியைக் கரண்டியில் அள்ள வேண்டாம், முதலில் ரொட்டி ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். பழக்கடையில் சப்போட்டா இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பூர்வீகமே இந்தப் பக்கம்தான். மாயாக் கோயில் வாசல்களின் உத்தரங்களைச் சப்போட்டா மரத்தில்தான் செதுக்கியிருக்கிறார்கள், ஆயிரம் வருடம் தாண்டியும் சில நிற்கின்றன.

மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். தெம்பு இருந்தால் வாயதோலித்துக்கு வடக்கே இருக்கும் ஏக் பாலாம் என்ற இன்னொரு பழைய மாயா நகரத்தையும் சேர்க்கலாம் என்று கைடு சொல்லுவார். அங்கே பல்வரிசையோடு வாய் பிளந்த பூதம் போல ஒரு அரசனின் கல்லறை வாசல் இருக்கிறது, சுதைவேலை இன்னும் கெடவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேர் காரில் ஏறியதுமே தூங்கிவிட்டார்கள், நாங்கள் போகவில்லை. அதை அடுத்த நாள் காலைக்குத் தள்ளுங்கள்.

டிப்ஸ் பத்திலிருந்து பதினைந்து சதவீதம், டிரைவர் வேறு ஆள் என்றால் அவருக்குத் தனியாக. பெசோவில், கையில். கான்கூன் திரும்புகிறவர்கள் மூன்று மணிக்குக் கிளம்பினால் அங்கே மணி ஆறரை ஆகியிருக்கும்.